நாளை என்கிறான்

மிஸ் ஓங்குக்கு வெறும் சுவர் ஆகாது.
கண் உட்கார ஓர் இடம் கிடைத்தால்
அங்கே ஒரு மயிலை ஒட்டு என்பாள்.
மயிலுக்குப் பின்னால் மாதுளை,
மாதுளைக்குப் பின்னால் கோடு,
கோட்டின் மேல் குஞ்சம் வைத்த விளக்கு.
சுங்கை கெலாடி கிளப்பில்
பில்லியர்ட்ஸ் அறைக்கு மட்டும் பதினோரு பச்சை.
எண்ணினேன். ஒட்டியவள் நான்தானே.

இருபத்தாறு வருஷம் பூட்டிக் கிடந்த கட்டடம்.
வௌவால் எச்சம் எட்டுச் சாக்கு.
பியானோவுக்குள் கறையான்
தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்தது.
இப்போது செம்பனை லோரி வாசலைத் தாண்டினால்
நாலு சரவிளக்கும் கிணுகிணுக்கின்றன.

இதற்குப் பேர் மேக்சிமலிசம் என்றாள்.
என் நாத்தனார் வீட்டு ஹாலை அவள் பார்த்ததில்லை:
ஒன்பது காலண்டர்,
கண்ணாடி அலமாரியில் பட்டம் வாங்கிய மூன்று பிள்ளைகள்,
டிவி மேல் லேஸ், லேஸ் மேல் யானை,
யானை மேல் இன்னொரு சின்ன யானை.
அங்கே வந்து கண்ணு கூசுது என்றவர்
இங்கே உறுப்பினராக
இருபதாயிரம் ரிங்கிட் கட்டியிருக்கிறார்.

பார் மேசைக்குப் பின்பக்கப் பலகையைப்
பெயர்த்தது ஒரு புதன்கிழமை.
ரோஸ்லான் கடப்பாரையைக் கீழே வைத்தான்.
"காக், உங்க எழுத்து."

பென்சில். முழங்கால் உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை.
யாரோ ஒரு பார் பையன்
(அறுபது வயசானாலும் பையன் என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள்)
சீட்டில் கையெழுத்துப் போடாமல் குடித்தவர்களை
அவர்கள் படிக்க முடியாத பாஷையில்
பிடித்து வைத்திருக்கிறான்:

மொட்டைத் துரை ஜின் மூணு. காசு தரவில்லை.
கொக்குத் துரை ஸ்தெங்கா ஐந்து. நாளை என்கிறான்.
செக்ரட்டரி துரை சிரிக்கிறான். பல் பொய்ப்பல்.
கொக்குத் துரை ஸ்தெங்கா இரண்டு. நாளை என்கிறான்.

லைக்கும் ளைக்கும் யானைத் தும்பிக்கை இருந்த காலம்.
சுவர் முழுக்க தும்பிக்கைகள்
சுருண்டு சுருண்டு ஏறின.

மிஸ் ஓங் விரலால் தடவினாள்.
"கொடி மாதிரி இருக்கு. பிரார்த்தனையா?"
ரோஸ்லான் என்னைப் பார்த்தான்.
ஒரு மாதிரி அப்படித்தான், என்றேன்.

அறுபத்திரண்டு ரோல் அச்சாகி வந்தது.
அடர்பச்சையில் தங்கம்.
தாளோடு தாள் வரி பொருந்த வேண்டும்,
மயிரிழை தவறினால் துரை இரண்டாகிவிடுவான்.
நான் ஒருவனையும் பிளக்கவில்லை.
சாப்பாட்டு அறை, படிக்கட்டு, ஆண்கள் கழிவறை,
ஒவ்வொரு இரண்டு அடிக்கும்
பல் பொய்ப்பல் என்று முடித்துக் கொடுத்தேன்.

திறப்பு விழாவில் டத்தோ சுவரோடு சாய்ந்து படம் எடுத்தார்.
அவர் காதருகில் மொட்டைத் துரை.
சத்தே தட்டோடு வந்த யாழரசி
சுவர் முன்னால் நின்றுவிட்டாள்.
உதடு அசைந்தது. குச்சிகள் நடுங்கின.
தட்டை அப்படியே திருப்பிக்கொண்டு உள்ளே ஓடினாள்.
அதற்கப்புறம் சமையலறையிலிருந்து
ஒருத்தர் பின் ஒருத்தராய்
நிறைந்த கிளாஸில் தண்ணீர் ஊற்ற,
சுத்தமான மேசையைத் துடைக்க
வந்து போய்க்கொண்டே இருந்தார்கள்.
சர்வீஸ் பிரமாதம் என்றார் டத்தோ.

இது மூன்றாம் மாதம்.
பொருளாளர் தன்மையானவர், போனை எடுத்துவிடுகிறார்.
கமிட்டி கூடவில்லை, செக்கில் இன்னொரு கையெழுத்து பாக்கி,
நாளைக்குக் கூப்பிடுங்களேன்.

இன்று ஏணியை எடுக்கப் போனேன்.
ஸ்டோர் கதவின் உட்பக்கம்
மிஸ் ஓங் கண்ணுக்குத் தப்பிய வெள்ளை.
காதிலிருந்த பென்சிலை எடுத்தேன்.

கிளப் கமிட்டி. ஒட்டுக்கூலி
நாலாயிரத்து இருநூறு. தரவில்லை.

லைக்குத் தும்பிக்கை போட்டுப் பார்த்தேன்.
வாத்து மாதிரி வந்தது.
இருக்கட்டும்,
கதவில் இன்னும் இடம் இருக்கிறது.